ஐந்தாவது பிம்பம்

மகள் பள்ளியிலிருந்து வந்த சத்தம் கேட்டபோது மணி மூன்றுதான் ஆகியிருந்தது. ஒரு ஷூ சுவரில் மோதி விழுந்தது, கொஞ்சம் விட்டு இன்னொன்று, பிறகு பை தொப்பென்று தரையில். "அம்மா, பசிக்குது." அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "டப்பால பிஸ்கட் இருக்கு, எடுத்துக்கோ" என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. சத்தம் வாசல் பக்கமிருந்து வரவில்லை. குளியலறைச் சுவரிலிருந்து வந்திருந்தது.

எழுந்து போய்ப் பார்த்தாள். ஒழுகும் குழாய், காயாத துண்டின் முடை வாடை, சோப்பு நுரை காய்ந்துபோன வாளி. வாசற்கதவு உள்ளே தாழிட்டபடியே இருந்தது. தூக்கமில்லாத தலை என்னவெல்லாமோ கேட்கும் என்று தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி வந்து உட்கார்ந்தாள். நாலு இருபதுக்கு மகள் வந்தாள். ஒரு ஷூ சுவரில் மோதி விழுந்தது, கொஞ்சம் விட்டு இன்னொன்று. "அம்மா, பசிக்குது."

மகளுக்கு ஒன்பது வயது. வீட்டில் வாலு என்றுதான் பெயர். அந்த ஒன்பது வருடத்தில் வாலு பள்ளிவிட்டு வரும்போது அவள் வீட்டில் இருந்ததேயில்லை. இப்போது இருந்ததும் பாசத்தால் அல்ல. ஆராய்ச்சி நிலையத்தில் அவளுடைய அறையைப் புதிதாக வந்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். வருடத்துக்கு வருடம் ஒப்பந்தம் புதுப்பிக்கிற ஆளுக்கு அறை எதற்கு, வீட்டிலிருந்தே கணக்குப் போடலாமே என்றார் அவளுடைய பேராசிரியர். எல்லோரும் பெரியவர் என்று கூப்பிடும் அந்த மனிதர் அதைச் சொன்னபோது ரொம்ப வருத்தப்பட்டார். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான்.

அவள் படிப்பது செத்த விண்மீன் மண்டலங்களை. கட்டுரையில் "செயலற்றவை" என்று மரியாதையாக எழுதுவார்கள், தங்களுக்குள் பேசும்போது செத்தவை. அங்கே புது நட்சத்திரம் பிறப்பது நின்றுபோய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. பழையவை மட்டும் சிவந்து எரிந்துகொண்டிருக்கும், பெரியவர்கள் மட்டும் மிஞ்சிய வீடு மாதிரி. அத்தனை தொலைவில் இருப்பதைச் சும்மா பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் சிலவற்றுக்கு முன்னால், வழியில், பெரும் எடையுள்ள ஏதாவது ஒன்று நிற்கும். அந்த எடை ஒளியை வளைத்து, கனத்த கண்ணாடித் தம்ளரின் அடிப்பக்கம் போல, பெரிதாக்கிக் காட்டும். ஒரே மண்டலம் நான்கு இடத்தில் தெரியும். நான்கும் நான்கு வழியில் வருவதால் ஒன்று முந்தி வரும், ஒன்று பிந்தி வரும். பார்ப்பது இப்போதும் அங்கே இருக்கிறது என்று அர்த்தமில்லை. கிளம்பியது வந்து சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

உண்மையில் ஐந்தாவது ஒன்றும் உண்டு. அது அந்த எடையின் நட்டநடுவே புகுந்து, எல்லாவற்றுக்கும் கடைசியாக, துளியூண்டாக, மங்கி வரும். நடுவில் இருப்பதன் வெளிச்சத்தில் அமுங்கிப்போவதால் யார் கண்ணிலும் படாது. அவள் கண்ணில் பட்டது. பெரியவரிடம் காட்டினாள். "அது அழுக்கும்மா. அதைத் தோண்டப் போனா இன்னும் ஒரு வருஷம் ஆகும். மாஸ்க் போட்டு அனுப்பிடுங்க" என்றார். கணக்குக்கு ஒத்துவராத இடத்தைக் கணக்கின் கண்ணில் படாமல் மூடிவிடுவதற்குப் பெயர் மாஸ்க். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் சொல்கிறார். அவள் மாஸ்க் போட்டாள்.

மூன்று மணிச் சத்தம் மறுநாளும் வந்தது, அதற்கடுத்த நாளும். ஷூ, ஷூ, பை, பசிக்குது. மூன்றரைக்குச் சமையலறை அலமாரிக்குப் பின்னால் அதே சத்தம் இன்னும் மெல்லிசாகக் கேட்டது. நாலு இருபதுக்கு வாசலில் வாலுவே வருவாள். ஐந்தரைக்கு, வாலு தின்று முடித்து வாய் துடைத்த பிறகு, கூரையில் ஒருமுறை வருவாள். முந்தி வரும் இரண்டும் அன்றைய வரவின் முன்னோட்டம், எண்பது நிமிடம், ஐம்பது நிமிடம் என்று அவள் ஒரு தாளில் எழுதி வைத்தாள். அலமாரியும் கூரையும் சில நாள் சத்தமில்லாமல் இருந்தன, அதை அவள் எழுதவில்லை. சனி ஞாயிறில் வீடே சந்தைக்கடை, எது எந்தச் சத்தம் என்று யார் கண்டது. பயம் இருந்தது. ஆனால் வெட்கம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

ரயில் ஓட்டுநரான கணவன் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வீட்டில் இருப்பான். அவனிடம் சொல்லிப் பார்த்தாள்.

"ஒரே வண்டி நாலு தண்டவாளத்துல வருதுங்கற. எந்த ஸ்டேஷன் மாஸ்டர் சிக்னல் குடுத்தான்?"

"கிண்டல் பண்ணாதீங்க. நிஜமாவே கேக்குது."

"செத்துப்போனதையே பகல் பூரா பாத்துட்டு உக்காந்தா வேற என்ன கேக்கும்?" என்று சொல்லிவிட்டு அவன் திரும்பிப் படுத்தான். 

அந்தச் செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குச் சுவரில் புதிதாக ஒன்று கேட்டது. ஷூ, ஷூ, பை. பிறகு கண்ணாடி சில்லுச் சில்லாக நொறுங்கும் சத்தம். பிறகு வாலுவின் குரல், அழுகைக்கு முந்திய குரல்: "அம்மா, நான் வேணும்னு போடல." அவள் பதறி ஓடினாள். ஒன்றும் உடைந்திருக்கவில்லை. நாலு இருபதுக்கு வந்த வாலுவும் எதையும் உடைக்கவில்லை, சொல்லப்போனால் அன்றைக்குச் சமர்த்தாக இருந்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. முன்னோட்டமாம். பொருந்தவே இல்லை. பொருந்தாவிட்டால் அது தரவு இல்லை, அழுக்கு. எல்லாம் தன் தலைக்குள்தான்.

மறுநாளிலிருந்து இரண்டே முக்காலுக்குக் காதை முழுக்க மூடும் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். மாலை ஆறு வரை கழற்றவில்லை. கட்டுரைக்குக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. வாலுவிடம் சாவி இருந்தது, பிஸ்கட் டப்பா எங்கே என்று தெரியும், அம்மா காதில் அது இருந்தால் கூப்பிடக்கூடாது என்றும் தெரியும். நல்ல பிள்ளை. தொந்தரவே இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை நாலு இருபத்தைந்துக்கு மேசை மெல்ல அதிர்ந்தது. திரும்பினாள். அறை வாசலில் வாலு நின்றிருந்தாள், உதடு கோணிக்கொண்டு அசைந்தது. அவளுக்குப் பின்னால், தரையெல்லாம் கண்ணாடிச் சில்லு. ஹெட்போனைக் கழற்றாமலேயே அந்த உதடு என்ன சொல்கிறதென்று அவளுக்குப் புரிந்தது.

எண்பது நிமிடம் இல்லை. ஏழு நாளும் எண்பது நிமிடமும்.

தினமும் ஒரே மாதிரி நடக்கும் ஒன்றில் எது எதற்கு முன்னோட்டம் என்று கண்டுபிடிக்க முடியாது. முதல் வருடம் வந்து சேரும் மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. வித்தியாசமாக ஏதாவது ஒன்று நடக்க வேண்டும், அதை ஒவ்வொரு வழியிலும் தேட வேண்டும். அப்படி ஒன்று நடந்தபோது அவள் அதை அழுக்கென்று துடைத்துப் போட்டிருந்தாள்.

அன்றிரவு வாலு தூங்கிய பிறகு வீட்டின் வரைபடத்தைத் தாளில் போட்டாள். எந்தச் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, எவ்வளவு மெல்லிசு. அவள் தொழில் அதுதானே. இடங்கள் தெரிந்து ஒரு தாமதமும் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்து விழும். அலமாரிச் சத்தம் இரண்டு நாளும் ஐம்பது நிமிடமும் முந்தி. கூரைச் சத்தம் ஒரு நாளும் எழுபது நிமிடமும் பிந்தி. நடுவில் நிற்கும் எடையும் வந்தது. இரண்டு அறைகளுக்கும் இடையே ஓடும் குறுகலான நடைவழியின் நடுவில். அதன் அளவைப் பார்த்தபோது எங்கோ ஒரு தசமப் புள்ளியை மாற்றிப் போட்டுவிட்டோம் என்று மூன்று தடவை திரும்பக் கணக்கிட்டாள். மூன்று தடவையும் அதேதான் வந்தது.

எழுந்து போய் நடைவழியின் ஓரத்தில் பென்சிலை வைத்தாள். அது உருண்டு நடுவுக்குப் போய் நின்றது. எதிர்ப்பக்கம் போய் இன்னொன்றை வைத்தாள். அதுவும் உருண்டு வந்து முதல் பென்சிலோடு ஒட்டிக்கொண்டது.

புதன்கிழமை மூன்று மணி. ஹெட்போன் இல்லாமல், குளியலறைச் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். பூசணம் பிடித்த சுண்ணாம்பின் வாடை. ஈரம். மூன்று ஐந்து. மூன்று பத்து. குழாய் மட்டும் சொட்டியது. ஷூ இல்லை. பை இல்லை. அப்படியென்றால் அடுத்த புதன்கிழமை வாலு வீட்டுக்கு வரவில்லை.

எந்த நாளிலிருந்து வரவில்லை? அது இந்தச் சுவருக்குத் தெரியும். சொல்லியிருக்கும். அவள் காதை மூடிக்கொண்டிருந்தாள்.

மூன்றரைக்கு அலமாரிக்குப் பின்னால் வாலு இருந்தாள். ஆனால் பை விழவில்லை, ஷூ விழவில்லை. ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு, தாளில் கலர் அடிக்கும் சத்தம். வெள்ளிக்கிழமை அந்த நேரத்துக்குப் பள்ளிவிட்டு வர வேண்டியவள் வீட்டிலேயே இருக்கிறாள். அவள் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள், சந்தோஷத்தில். நான்தான் அனுப்பப் போவதில்லை. வாலு வராததற்குக் காரணம் நான் அனுப்பாததுதான். 

"பரீட்சை இருக்கும்மா" என்றாள் வாலு.

"இருக்கட்டும். ஒரு வாரம் லீவு."

"நிஜமாவா? உனக்கு வேலை?"

"எனக்கும் லீவு."

வாலு அவளை நம்பாத கண்ணோடு பார்த்தாள். அந்தப் பார்வை அவளுக்குச் சுருக்கென்றது.

வியாழக்கிழமை முழுக்க இரண்டு வாலுகள். ஹாலில் ஒருத்தி புதிர்ப் படம் அடுக்கிக்கொண்டிருந்தாள், அலமாரிக்குப் பின்னால் சனிக்கிழமை வாலு ஓடிக்கொண்டும் குதித்துக்கொண்டும் இருந்தாள். பெரியவர் நாலு முறை போன் செய்தார், எடுக்கவில்லை. அலமாரியோடு ஒட்டி உட்கார்ந்து, அந்தச் சிரிப்பை விழுங்கிக்கொண்டே இருந்தாள். எண்ணெய்ப் பிசுக்கு கன்னத்தில் ஒட்டியது. ஐந்து பத்துக்கு வாலு மிக அருகில் பேசினாள்: "அம்மா, இங்க பாரு. இதுதான் என்னோட—"

நின்றுவிட்டது.

அழுகை இல்லை. விழும் சத்தம் இல்லை. பாதிச் சொல்லில் நின்றது. அவள் இரவு முழுக்கக் காத்திருந்தாள். அலமாரிக்குப் பின்னால் சுவர் மட்டும் இருந்தது.

வியாழன் ஐந்து பத்து. இரண்டு நாள், ஐம்பது நிமிடம். சனிக்கிழமை மாலை ஆறு மணி.

வீட்டைவிட்டு ஓடிவிடலாம் என்று வாலுவைக் கையில் பிடித்துக்கொண்டு வெள்ளிக்கிழமை காலை தெருமுனை வரை போனாள். பேருந்து வந்தது. ஏறக் கால் எழும்பவில்லை. அலமாரிக்குப் பின்னால் கேட்ட ஒவ்வொன்றும் இந்த வீட்டுச் சத்தம். ஹாலின் எதிரொலி, சமையலறைக் குழாய், இந்தத் தரை. போகவில்லை என்று முன்பே தெரிந்துவிட்டது. போயிருந்தால் கேட்டிருக்காது. எத்தனையோ தடவை பிறகு யோசித்தாள், ஏறித்தான் பார்த்திருக்கலாமே என்று. தன் கணக்கை அவ்வளவு நம்பிய மூதேவி வேறு எவளாவது இருப்பாளா?

கணவனிடம் சனிக்கிழமை ஆறு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடச் சொன்னாள். காரணம் கேட்டான். "வாங்க, அவ்ளோதான்" என்றாள். அவள் குரலில் எதையோ கேட்டு, அவன் இந்தத் தடவை கிண்டல் செய்யவில்லை. "அஞ்சரைக்கு வண்டி வந்துரும். வந்துடறேன்" என்றான்.

ஐந்தரைக்கு வரவில்லை. எந்த ஊரிலோ சிக்னல் கோளாறு.

ஐந்தே முக்காலுக்கு எல்லா விளக்கையும் போட்டாள். ஹாலில், நடைவழிக்கு முதுகைக் காட்டி, வாலுவை மடியில் இருத்தி, இரண்டு கையாலும் இடுப்பைச் சுற்றிப் பூட்டிக்கொண்டாள். தலையில் ஷாம்பு வாசனை. முட்டியில் பழைய சிராய்ப்பு. அது எப்போது பட்டதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஏம்மா நடுங்கற?"

"குளிருது. நீ எங்கயும் போகாத, சரியா?"

"நான் எங்க போறேன்? நீதான் இறுக்கிப் புடிச்சிருக்கியே." வாலு சிரித்தாள். அவளுக்கு அது பிடித்திருந்தது. கொஞ்ச நேரம் அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக எண்ணினாள். பிறகு தோளுக்கு மேலாக, நடைவழிப் பக்கம் எட்டிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. தெரிந்த யாரையோ பார்த்த முகம்.

"அம்மா, இங்க பாரு. இதுதான் என்னோட—"

மடி லேசானது.

கைகள் பூட்டியபடியே இருந்தன. உள்ளே ஒன்றும் இல்லை. சட்டைகூட இல்லை. ஷாம்பு வாசனை மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது. திரும்பிப் பார்த்தாள். நடைவழி காலியாக, விளக்கு எரிய, பளிச்சென்று இருந்தது.

கணவன் ஆறு பத்துக்கு வந்தான்.

பிறகு போலீஸ் வந்தது. அலமாரிகளைத் திறந்தார்கள், தண்ணீர்த் தொட்டியில் விளக்கடித்துப் பார்த்தார்கள், அண்டை வீட்டாரைக் கேட்டார்கள். இரண்டு நாளாய்ப் பிள்ளையைப் பள்ளிக்கு ஏன் அனுப்பவில்லை என்று அவளைக் கேட்டார்கள். அத்தனை நேரமும் கூரையில் வெள்ளிக்கிழமை வாலு தாவிக் குதித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மட்டும் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை மாலை, ஏழு பத்துக்கு, "நான் எங்க போறேன்" என்று கூரை சிரித்தது. "இதுதான் என்னோட" என்றது. அதோடு வீட்டின் நான்கு பக்கமும் அடங்கிவிட்டது.

"புள்ளைய என்ன பண்ணின?" என்று கணவன் ஒரே ஒரு தடவை கேட்டான். பதில் சொல்ல அவள் வாயைத் திறந்தபோது அவன் கையை நீட்டித் தடுத்தான். அடுத்த வாரம் ரயில்வே குடியிருப்பில் ஒரு அறை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கட்டுரை வெளிவந்தது, பெரியவரின் பெயர் முதலில், அவளுடையது ஐந்தாவது. உழுதவன் ஒருத்தன், அறுத்தவன் ஒருத்தன். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அவள் வீட்டைக் காலி செய்யவில்லை. கணக்கில் இன்னும் ஒன்று பாக்கியிருந்தது. அது எத்தனை மாதம் பிந்தி வரும் என்று மட்டும் தாளில் வரவில்லை.

ஏழு மாதம் ஆனது.

ஒருநாள் மாலை, வெளிச்சம் மங்கும் நேரம், தரையில் ஏதோ அசைவது தெரிந்தது. பூச்சி என்று நினைத்தாள். வாசற்கதவின் அடியிலிருந்து வந்தது. இரண்டு விரல் உயரம். காலை உதறி ஒரு ஷூவைக் கழற்றியது, கொஞ்சம் விட்டு இன்னொன்றை. முதுகிலிருந்து பையை இறக்கியது. சத்தமே இல்லை. அழுக்குத் தண்ணீரில் பார்ப்பது போல மங்கல். ஆனால் அந்த நடை. அந்தக் கோணல் வகிடு. அது வாலுவேதான்.

அவள் குப்புறப் படுத்துக் கன்னத்தைத் தரையில் வைத்தாள். "கண்ணு" என்றாள். "தங்கம்." அது அவளைப் பார்க்கவில்லை. அவளுடைய வேலை அறைக்குள் நடந்துபோய், காலி நாற்காலிக்குப் பின்னால் நின்றது. ஹெட்போன் மாட்டிய முதுகு ஒன்று அங்கே இருந்த நாட்கள் அவை. அந்தச் சின்ன உருவம் வாயைத் திறந்து எதையோ சொன்னது. கையை விரித்துக் காட்டியது, ஒரு காலால் நொண்டிக் காட்டி, முட்டியைத் தொட்டுக் காட்டியது. காத்திருந்தது. மறுபடி சொன்னது. நீண்ட நேரம் நின்றது.

"சொல்லு. நான் கேக்கறேன். இங்க இருக்கேன், சொல்லுடா." அவள் அலறினாள். துளியூண்டு வாலு நாற்காலியைத்தான் பார்த்தாள்.

பிறகு தோளைக் குலுக்கிக்கொண்டு திரும்பினாள். அழவில்லை. பழகியவள் மாதிரி நடந்து, நடைவழியின் நடுவுக்குப் போய், சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முட்டியைக் காட்டினாள். கை விரித்து முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். நிறுத்தினாள், யாரோ கேட்ட கேள்விக்குத் தலையாட்டினாள், வாய்விட்டுச் சிரித்தாள். 

அவள் கழுத்து அண்ணாந்திருந்தது. பேசப் பேச அது இன்னும் அண்ணாந்தது, தலை முதுகைத் தொடும் வரை. கூரைக்கும் மேலே எதையோ பார்த்தாள். பிறகு மெல்ல, மெல்லக் கழுத்து தாழ்ந்தது. மேலேயிருந்து ஒரு முகம் அவளைக் கேட்பதற்காகக் குனிந்து, குனிந்து, அருகில் வருவதைப் பார்க்கும் பிள்ளையைப் போல.